முட்டைகளுக்கு நடுவே இருந்த அழுக்கு

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் விண்ணப்பம் ஒரு பூச்சியின் பொருட்டு எழுதப்பட்டது. அனுப்புநர்: நான், எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு. பெறுநர்: அம்மா, சமையலறை. பொருள்: கொல்லை அவரைப் பந்தலில் பூச்சி மருந்து தூவுவதைத் தள்ளிவைக்கக் கோருதல் சார்பாக. பின்னாளில் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள், பிறர் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்தேன். அந்தப் பழக்கத்தோடு இன்று நினைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கோரிக்கை ஒன்று, காரணங்கள் மூன்று, இணைப்பு ஒன்று. இணைப்பாக வைத்தது தீப்பெட்டிக்குள் ஒரு பூச்சி, உயிருடன்.

எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. தாம்பரத்தை ஒட்டி, இரும்புலியூரில் எங்கள் வீடு. தெருவுக்குப் பின்னால் வயல் கொஞ்சம் மிச்சமிருந்தது. மீதியில் வீட்டுமனைக் கல் நட்டிருந்தார்கள்; கல்லைச் சுற்றிப் புல்தான் முளைத்திருந்தது. அப்பா மின்சார ரயிலில் பாரிமுனைக்குப் போய், ஒரு கம்பெனியில் தபால் அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தார். எது வெளியே போனாலும் அதற்குப் பட்டியல் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பது பையில் இருக்க வேண்டும். பையில் இருப்பது பட்டியலில் இருக்க வேண்டும். இதுதான் அவருடைய மதம். மற்ற தெய்வங்களை அம்மாவிடம் விட்டிருந்தார். நான் அப்பாவின் பிள்ளை.

அவரைப் பந்தல் அம்மாவுடையது. ஆடியில் விதை ஊன்றி, ஐப்பசி மழையில் ஒரு முறையும் கார்த்திகை மழையில் ஒரு முறையும் சாய்ந்து, இரண்டு முறையும் நிமிர்த்திக் கட்டப்பட்டு, மார்கழியில் பூத்தது. அந்த ஆண்டு அவரைக்கு ஒரு கடமை இருந்தது. ஆவணியில் அக்கா கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தாள். வருகிற தை அவளுக்குத் தலைப்பொங்கல். சீர்வரிசையோடு காய்கறியும் போக வேண்டும். அதில் அவரைக்காய் எங்கள் பந்தலிலிருந்துதான் வரும் என்று கல்யாணப் பேச்சின்போதே அம்மா சம்பந்தி அம்மாளிடம் சொல்லியிருந்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் அவரைக்காய் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அக்காவிடமிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இன்லண்ட் கடிதம் வரும். எல்லாரும் நலம், மாமியார் நலம், கிணற்றில் தண்ணீர் நலம் என்று வரிசையாக எழுதுவாள். மார்கழிப் பிறப்புக்கு வந்த கடிதத்தில், மடிக்கிற ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது. இந்த வீட்டுத் தயிர் ஏனோ எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை, நூல் நூலாக இழுக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. அப்பா சத்தமாகப் படித்துவிட்டு, "பால்காரனை மாத்தச் சொல்லு" என்றார். அம்மா கடிதத்தை வாங்கி அந்த ஓரத்தை மட்டும் இன்னொரு முறை படித்தாள்.

அதே வாரம் பந்தலில் பூச்சி வந்தது.

அரைப் பட்டாணி அளவு. உருண்டை. காக்கியும் பச்சையும் கலந்த நிறத்தில் மெருகு போட்டது மாதிரி இருக்கும். இளந்தண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை போல, முன்னால் நிற்பதன் மேல் இடித்துக்கொண்டு நின்றன. முதுகை மட்டும் பார்த்தால் யாரும் வண்டு என்றுதான் சொல்வார்கள். என் வகுப்பில் சிலர் பென்சில் டப்பாவில் பொன்வண்டு வளர்த்தார்கள். அவர்களிடம் காட்டியபோது, இது பொன்வண்டின் குட்டி என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு தவறு என்பதை நானே கண்டுபிடித்தேன். வண்டின் முதுகில் நடுவே ஒரு கோடு இருக்கும். மூடி இரண்டாகத் திறக்கும் இடம் அது. இதன் முதுகில் கோடு கிடையாது. ஒரே கவசம், கவிழ்த்த கிண்ணம் போல உடம்பு முழுவதையும் மூடியிருந்தது. உடம்பைவிட நீளமான சிறகை மடித்து அதற்கடியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஓரத்தில் வெளியே எடுத்துப் பறக்கும். வாயும் வண்டின் வாய் இல்லை. இலையைக் கடிக்காது. ஊசி போன்ற மூக்கை மார்புக்கு அடியில் மடித்து வைத்திருக்கும். அதைத் தண்டில் இறக்கிச் சாற்றை உறிஞ்சும். தொட்டால் நாறும். மூட்டைப்பூச்சியையும் கொத்தமல்லித் தழையையும் ஒன்றாக நசுக்கினால் வரும் நாற்றம். விரலில் பட்டால் மஞ்சளாகக் கறை பிடிக்கும். எந்தச் சோப்புக்கும் கட்டுப்படாது. எங்கள் தெருவில் அதை நாத்தப்பூச்சி என்றார்கள். புத்தகங்களில் நாவாய்ப்பூச்சி இனம் என்றிருக்கிறது. இரண்டும் சரிதான்.

அம்மாவின் வழிமுறை எளிது. பூச்சி மருந்துப் பொடியைப் பழைய துணியில் முடிந்து, கொடியின் மேல் தட்ட வேண்டும். தட்டிய பிறகு இரண்டு வாரம் காய் பறிக்கக் கூடாது. பொங்கலுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது; ஆகவே அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் தட்டியாக வேண்டும். பொடி வாங்கி வந்து, எனக்கு எட்டாத பரணில் வைத்தாள்.

எனக்கோ பூச்சி வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு முன் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வாழ்க்கைச் சுற்று என்று வருடாவருடம் எல்லாரும் வண்ணத்துப்பூச்சியை அட்டையில் வரைந்து ஒட்டுவார்கள். நான் முட்டை, குஞ்சு, பெரிய பூச்சி மூன்றையும் ஒரே பாட்டிலில் உயிரோடு வைப்பதாகப் பெயர் கொடுத்திருந்தேன். முதல் பரிசு வாங்கினால் செங்கல்பட்டில் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். அதற்கு மேல் உலகத்தில் ஏதாவது இருப்பதாக அப்போது எனக்குத் தெரியாது.

எனவே விண்ணப்பம். அப்பா படித்துப் பார்த்து, கீழே "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா ஆட்டுக்கல்லில் மாவு வழித்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் நானே படித்துக் காட்டினேன்.

"பூச்சிக்கு சிபாரிசா? உங்கக்காவுக்கு யாருடி சிபாரிசு?"

"மனு முறைப்படி இருக்கு" என்றார் அப்பா, கூடத்திலிருந்து.

"முறையைப் போட்டு சாம்பார் வைக்க முடியாது."

இருந்தாலும் அம்மா யோசித்தாள். கண்காட்சி முடிந்து பொங்கலுக்கு ஐந்தே நாள்தான் இருக்கும். இப்போது தள்ளிவைத்தால் இந்த வருடம் பொடி என்பதே கிடையாது. மாவுக் கையோடு பந்தல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சரி, தூவல. ஆனா உன் பாட்டில்ல இருக்கறது மட்டும்தான் உன்னுது. பந்தல்ல இருக்கறத நான் பாத்துக்கறேன்."

மறுநாள் முதல், கோலம் போட்ட கையோடு கொல்லைக்குப் போவாள். முறத்தைக் கொடிக்கு அடியில் பிடித்து, கொடியைத் தட்டுவாள். குளிரில் விறைத்த பூச்சிகள் பொலபொலவென்று விழும். அவற்றை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் இருந்த தகர டப்பாவில் கொட்டுவாள். விழாமல் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதை விரலால் கிள்ளி எடுப்பாள். ஒரு நாள் தவறாமல் நடந்தது. நாலு நாளில் அம்மாவின் விரல் நுனிகள் மஞ்சளாயின. பத்து நாளில் பழுப்பாயின. சோறு பிசையும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். நான் இதைக் கவனிக்காமல் இல்லை. என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்: கறை – பத்து நாள் ஆகியும் போகவில்லை (அம்மா).

கண்காட்சிக்கு எட்டு நாள் இருந்தபோது முட்டை கிடைத்தது. பந்தலின் பின்மூலையில், பூங்கொத்துக்குக் கீழே, தண்டின் மேல் இரண்டு வரிசை. பால் நிறத்தில், சாய்ந்து படுத்த நிலையில், யாரோ அளவுகோல் வைத்து அடுக்கியது மாதிரி. எண்ணினேன், இருபத்தாறு. அந்தத் தண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். ஒரு சாண் தள்ளி அதே போல இன்னொரு கூட்டம் இருந்தது. அது மூங்கிலைச் சுற்றிய தண்டு; வெட்டினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே விட்டுவிட்டேன். அம்மாவிடம் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

கிட்டத்தில் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. வரிசைகளுக்கு நடுவே, முட்டைகளின் அடியில் ஒட்டினாற்போல, பழுப்பாகச் சில மணிகள் இருந்தன. காய்ந்த வெல்லத் துணுக்கு மாதிரி. அறிவியல் டீச்சர் கண்காட்சிக்கென்று எட்டு நிபந்தனைகளை உருட்டச்சு எடுத்துக் கொடுத்திருந்தார். மூன்றாவது நிபந்தனை எனக்கு இன்றும் மனப்பாடம்: காட்சிப் பொருள் தூசி, அழுக்கு மற்றும் தேவையற்ற பொருள் ஏதுமின்றி இருத்தல் வேண்டும். எழுதியது போதாதென்று வாயாலும் சொல்லியிருந்தார்.

"போன வருஷம் ஒருத்தி மண்ணோட எறும்புப் புத்தைத் தூக்கிட்டு வந்தா. ஹெட்மிஸ்ட்ரஸ் புடவைல ஏறிடுச்சு. இந்த வருஷம் அழுக்கா எது வந்தாலும் டேபிள் கிடையாது. புரியுதா?"

எனக்குப் புரிந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றிக்கொண்டேன். அம்மாவின் தையல் ஊசியை நெருப்பில் காட்டித் துடைத்தேன். துவைக்கிற கல்லில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, முட்டை ஒன்றுக்கும் சேதமில்லாமல், பழுப்பு மணிகளை ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. நடுவில் கொல்லைக் கதவு வழியாகக் கீரைக்காரம்மா வந்தார். கூடையை இறக்காமலே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, பூச்சிக்குப் பேன் பாத்துகினு கீறியா?"

"பேன் இல்ல, அழுக்கு. முட்டையில ஒட்டிருக்கு."

"அய்யே! அதுங்க அம்மாக்காரி கழுவாம வுட்டுட்டுப் பூட்டாளா? பெத்து போட்டா ஆச்சா, இன்னா பொம்பளையோ!" என்று சிரித்தார். பிறகு உள்ளே பார்த்து, "யக்கா, அரைக்கீரை கீது, முளைக்கீரை கீது, உம் பொண்ணு பூச்சிக்கு சீமந்தம் பண்ணுது, வந்து பாரு" என்று குரல் கொடுத்தார்.

அம்மா வந்து பார்த்தாள். இவ்வளவு பொறுமை அரிசியில் கல் பொறுக்கும்போது எங்கே போகிறது என்று மட்டும் கேட்டாள்.

முட்டைகள் பளிச்சென்று இருந்தன. அகன்ற வாய்ப் பாட்டிலில் புது அவரைத் தண்டு வைத்து, இதையும் பக்கத்தில் செருகி, வாயை மெல்லிய துணியால் கட்டினேன். தினம் தண்டை மாற்றினேன். கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு, காலையில் பார்த்தால் இருபத்தாறில் இருபத்து நான்கு பொரிந்திருந்தன. கசகசா அளவுக் குஞ்சுகள், வெளிறிய நிறம், உடம்பெல்லாம் பொடி மயிர். என் குறிப்பேடு இப்படி ஆரம்பிக்கிறது: காலை 7.00 – நடக்கின்றன. 8.00 – நடக்கின்றன. பிறகு பள்ளிக்கூடம். மாலை 5.00 – நடக்கின்றன. தண்டில் ஏறி, இறங்கி, கண்ணாடியில் ஏறி, துணியைத் தொட்டுத் திரும்பி, மறுபடி வெறும் முட்டை ஓடுகளுக்கு வந்து, அங்கேயும் நிற்காமல் மறுபடி நடந்தன. எந்த ஒன்றும் மூக்கைத் தண்டில் இறக்கி நான் பார்க்கவில்லை.

பந்தலில் விட்டுவந்த கூட்டமும் அன்றே பொரிந்திருந்தது. போய்ப் பார்த்தேன். அவை நடக்கவில்லை. ஓடுகளின் மேலேயே நெருக்கியடித்துக்கொண்டு, தலையை நடுவில் நுழைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஊதிப் பார்த்தேன், அசையவில்லை. சோம்பேறிகள் என்று எழுதினேன். என் சார்ட்டில் நாலாவது வரி: முறையாகச் சுத்தம் செய்யப்பட்ட முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் மிகவும் சுறுசுறுப்பாக இருக்கின்றன. அதன் கீழ்ச் சிவப்பு மையில் கோடு.

மறுநாள் பதினொன்று செத்திருந்தன. அதற்கடுத்த நாள் ஒன்பது. செத்ததை ஊசியால் எடுத்து வெளியே போட்டுவிட்டுத் தண்டை மாற்றினேன், தண்ணீர் தெளித்தேன், பாட்டிலை வெயிலில் வைத்தேன், நிழலில் வைத்தேன். பந்தல் சோம்பேறிகளில் சிலதைக் கொண்டுவந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவை சுத்தம் செய்யப்படாதவை. சார்ட்டில் எழுதியதற்கு மாறாக நடக்கக் கூடாது. மோசடி செய்யாததற்காக நான் பெருமைப்பட்டுக்கொண்ட தருணங்களில் அதுதான் முதலாவது. அம்மா என் பின்னால் நின்று பாட்டிலைப் பார்த்தாள்.

"என்னடி இது, உக்காரவே மாட்டேங்குதுங்க?"

"ஆக்டிவா இருக்கும்மா."

"பசி மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"தண்டு வச்சிருக்கேனே."

கண்காட்சி அன்று நான்கு மிச்சம். நான்கும் நடந்துகொண்டிருந்தன. நடுவராக வெளியிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் வந்திருந்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, முட்டை நடுவுல பழுப்பா ஒண்ணும் இல்லையா?"

"இருந்தது சார். அழுக்கு. ஊசியால எடுத்துட்டேன் சார். ஒண்ணு விடாம."

அவர் என்னைப் பார்த்தார், சார்ட்டின் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், என் பின்னால் பூரித்து நின்ற டீச்சரைப் பார்த்தார். "ம்" என்றார். எதையோ சொல்ல வந்து, பக்கத்து மேசைக்குப் போனார். அட்டையில் அணை கட்டி பல்பு எரியவைத்த பெண்ணுக்கு முதல் பரிசு கிடைத்தது. எனக்கு ஆறுதல் பரிசு. மிகத் தூய்மையான காட்சிப் பொருளுக்காக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. மேடையில் வாங்கும்போது நான்கில் எத்தனை இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, இப்போதிருக்கும் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் தொட்டி வைத்து அவரை போட்டேன். பூச்சி தவறாமல் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தது. வேலையற்றவர்கள் செய்வதைச் செய்தேன், உட்கார்ந்து படித்தேன். அந்தப் பழுப்பு மணிகளைத் தாய்ப்பூச்சிதான் வைக்கிறது. மூன்று நான்கு முட்டைக்கு ஒன்று என்ற கணக்கில், இடும்போதே அடியில் வைத்துவிட்டுப் போகிறது. உள்ளே இருப்பது அவளுடைய குடலில் வாழ்கிற நுண்ணுயிர். வெறும் தண்டுச் சாற்றில் பூச்சிக்கு வேண்டிய எல்லாச் சத்தும் கிடையாது. இல்லாததை அந்த நுண்ணுயிர்தான் வயிற்றுக்குள் இருந்து ஆக்கிக் கொடுக்கிறது. பிறக்கும்போது எந்தக் குஞ்சிடமும் அது இருப்பதில்லை. தாயிடமிருந்து வர வேண்டும், தாயோ பக்கத்தில் இருப்பதில்லை. அதனால் இந்தப் பொட்டலம். குஞ்சு வெளியே வந்ததும், முதல் காரியமாக மூக்கை அதில் இறக்கிக் குடிக்கும். குடித்தது அங்கேயே அடங்கி உட்காரும். பொட்டலம் கிடைக்காதது அதைத் தேடி நடக்கும். நடந்து நடந்து சாகும், தப்பினாலும் தேறாது. மணிக்கணக்கில் நான் குறித்து வைத்தது அந்தத் தேடலைத்தான். நடுவருக்கு அன்றைக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாது. டீச்சரின் மூன்றாவது நிபந்தனையில் எந்தப் பிழையும் இல்லை. தேவையற்றது எது என்பதை யார் தீர்மானிப்பது என்று மட்டும் அதில் இல்லை. எந்த நிபந்தனையிலும் அது இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இதெல்லாம் நாற்பது வருடத்துக்கும் மேல் கழித்து. அப்போது என்னிடம் இருந்தது சோப்பு டப்பா மட்டும்தான்.

போகிக்கு முதல் நாள் கூடுவாஞ்சேரிக்குச் சீர் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அப்பா முந்தின நாளே இருபத்தோரு பொருள்களுக்குப் பட்டியல் தயாரித்து, சரிபார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை, வேட்டி. பத்தொன்பதாவது, அவரைக்காய். அம்மா அன்று விடியும் முன்பே பறித்திருந்தாள். சுருங்கியதையும் கருத்ததையும் கழித்துக் கழித்து, கடைசியில் ஒரு பை தேறியது. ஒவ்வொரு காயும் பச்சைப் பசேலென்று இருந்தது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, மருந்து இல்லாமலா என்றார். அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் செய்தேன். இருபத்தொன்றும் சரி. பையின் அடியில் மட்டும் பட்டியலில் இல்லாத ஒன்று இருந்தது. ஈரத் துணி சுற்றிய சின்ன எவர்சில்வர் டப்பா. திறந்தேன். இரண்டு கரண்டித் தயிர். நேற்றையதோ முந்தாநாளையதோ, மேலே மஞ்சளாகத் தண்ணீர் விட்டு, புளித்த வாடை. புதுப்புடவைக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று. நல்ல வேளை பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு, கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினேன். டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, திரும்பப் பையில் வைத்தேன். பையில் இருப்பது பட்டியலில் இருக்க வேண்டும் அல்லவா. அப்பாவின் எழுத்துக்குக் கீழே என் எழுத்தில் சேர்த்தேன்: 22. சிறிய டப்பா (காலி) – 1.

செங்கல்பட்டு பஸ்ஸில் பானையையும் கரும்பையும் பார்த்த கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா சார், பொங்கலையே பேத்து எடுத்துகினு வந்துட்டீங்களா? கரும்புக்கு ஒரு அரை டிக்கெட் போட்டுடவா?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. இருபத்திரண்டையும் ஒருமுறை எண்ணினார்.

கூடுவாஞ்சேரி வீட்டில் வரவேற்புக்கு ஒன்றும் குறைவில்லை. சம்பந்தி அம்மாள் அவரைக்காயைக் கையில் அள்ளிப் பார்த்து, சொன்னபடி கொண்டுவந்துவிட்டீர்களே என்றார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார்.

"என்னங்க விரலெல்லாம்?"

"மஞ்சள் அரைச்சேன்" என்றாள் அம்மா.

அக்கா கொஞ்சம் இளைத்திருந்தாள். புடவை கட்டினால் எல்லாரும் அப்படித்தான் தெரிவார்கள் என்று நினைத்தேன். அம்மா அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். பையின் அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்தபோது அம்மாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அக்கா டப்பாவைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துகொண்டாள். "உறைமோராம்மா?" என்றாள்.

"நான் இந்தக் குடும்பத்துக்கு வரும்போது எங்க வீட்லேர்ந்து கொண்டாந்தது. இன்னிவரைக்கும் அறுந்ததில்ல. இதுல ஒரு சொட்டு விட்டு உறை ஊத்து, அப்புறம் பாரு."

மூடியைத் திறந்தாள். உள்ளே அம்மாவின் முகம் தெரிந்தது. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தேன்.

"நான்தாம்மா கொட்டினேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து. "புளிச்சுப் போயிருந்தது. லிஸ்ட்லயும் இல்ல."

சம்பந்தி அம்மாள் நல்லவர். "தயிருக்கென்னங்க, நம்ம வீட்லயே கெட்டித் தயிர் இருக்கு" என்றார். "பரவாயில்லம்மா" என்றாள் அக்கா. "அடுத்த தடவ கொண்டாரேன்" என்றாள் அம்மா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு கரண்டித் தயிர். வீட்டில் சட்டி நிறைய இருக்கிறது. கடையிலும் விற்கிறார்கள்.

அதன் பிறகு அக்கா உட்காரவே இல்லை. சமையலறைக்குப் போனாள், கூடத்துக்கு வந்தாள், கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்றாள், திரும்ப வந்து டப்பாவை எடுத்துப் பார்த்து வைத்தாள், மறுபடி சமையலறைக்குப் போனாள். அம்மா இரண்டு முறை, "செத்த எம்பக்கத்துல உக்காரேன்டி" என்றாள். "இதோம்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா நடந்தாள். கூடத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. வந்ததிலிருந்து அவள் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். டப்பா அம்மாவின் மடியில் இருந்தது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள்.

"அக்கா அங்க ரொம்ப சுறுசுறுப்பா இருக்கா, இல்லப்பா?" என்றேன்.

"ஆமாம்" என்றார் அப்பா, பட்டியலை மடித்துக்கொண்டே.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டலூர் தாண்டும்வரை, அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.